முயல் சார்ட்

ஜூன் 8, திங்கள்

பள்ளி திறந்தாயிற்று. லீவில் ஆய்வகத்துக்கு வெள்ளையடிக்க வந்தவர்கள் சார்ட்டுகளையெல்லாம் கழற்றி மூலையில் குவித்துப் போட்டிருக்கிறார்கள். இதயம் கிழிந்துவிட்டது. கண்ணின் மேல் சுண்ணாம்பு. ஒரு கீறல்கூட இல்லாமல் தப்பித்தது முயலின் சிறுநீர் இனப்பெருக்க மண்டலம் ஒன்றுதான். அதை யார் கேட்டார்கள்? பிள்ளைகள் அதைப் பார்த்தால் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு சிரிக்கும். பீரோவுக்குப் பின்னால் சொருகிவிட்டேன்.

இந்த வருஷம் பிளஸ் டூ விலங்கியல் என் தலையில். அந்த வகுப்பில்தான் என் மகள் தாரணியும் இருக்கிறாள், மூன்றாவது பெஞ்ச். வீட்டில் தலை பின்னிவிடும்போது அம்மா, வகுப்பில் மிஸ். "உங்களை மிஸ்ஸுன்னு கூப்பிட்டா எனக்குச் சிரிப்பு வரும்மா" என்றாள். சிரித்தால் வெளியே நிற்க வைப்பேன் என்றேன். செய்வேன் என்று அவளுக்குத் தெரியும்.

ஜூன் 12, வெள்ளி

என் கணவரின் அக்கா விசாலம் மதினி மேலூரிலிருந்து போன் செய்தார். வெயில், தண்ணீர், கத்தரிக்காய் விலை எல்லாம் விசாரித்துவிட்டுக் கடைசியில் குரலைத் தாழ்த்தினார். "இன்னும் ஒண்ணும் விசேஷமில்லையா மங்கை?"

தாரணிக்குப் பதினாறு முடிந்துவிட்டது. இன்னும் வயதுக்கு வரவில்லை. அதற்கு நான் என்ன செய்ய? பிடித்து உலுக்கவா முடியும்? மற்ற வளர்ச்சியெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, என் உயரத்தையே தாண்டிவிட்டாள். சிலருக்குத் தாமதமாகும். உள்ளூர் டாக்டரம்மாதான் ஸ்கேன் அது இது என்று மதுரைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்.

எள்ளுருண்டை பிடித்து டப்பா நிறைய வைத்திருக்கிறேன். அதோடு உளுந்தங்களி. கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டுக் கிண்டினால் தெருவே மணக்கிறது, இவள் மூக்கைப் பிடித்துக்கொள்கிறாள். இன்று எள்ளுருண்டையை ஜன்னல் வழியே காக்காய்க்குப் போட்டபோது கையும் களவுமாகப் பிடித்தேன். "காக்கா வயசுக்கு வரட்டும்மா" என்றாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு திட்டினேன்.

ஜூன் 17, புதன்

இன்று இரண்டாம் பாடம், மனித இனப்பெருக்கம். வழக்கம் போல, "இதை நீங்களே படிச்சுக்கங்க, சந்தேகம் இருந்தா ஸ்டாஃப் ரூமுக்கு வந்து கேளுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குத் தாவினேன். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு பிள்ளையும் வந்து கேட்டதில்லை. எனக்கு இந்தப் பாடம் நடத்திய டீச்சரும் இப்படித்தான் தாண்டிப் போனார். பரீட்சையில் எல்லாரும் நன்றாகத்தான் எழுதுகிறார்கள்.

ஜூன் 20, சனி

மதுரை போய்வந்தோம். என் கணவருக்கு மின்வாரியத்தில் லீவு கிடைக்கவில்லை, நானும் தாரணியும் மட்டும். திருப்பரங்குன்றம் தாண்டுவதற்குள் பஸ்ஸில் வேர்த்து ஊற்றியது. ஸ்கேன் எடுக்கிற இடத்தில் ஒரு பாட்டில் தண்ணீரைக் குடிக்க வைத்துக் காக்கவைத்தார்கள். அந்த டோக்கன் கொடுக்கிற பெண்ணுக்கு நிமிர்ந்து பார்த்துப் பேசத் தெரியவில்லை.

டாக்டர் அருள்மலர் என்னைவிட வயதில் சின்னவர். பெரிய ஹாலைப் பலகை வைத்துத் தடுத்து அவருக்கு அறை செய்திருக்கிறார்கள். பலகைக்கு வெளியே ஒரு மீன் தொட்டி, பக்கத்தில் ஒரு நாற்காலி. ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டரின் முகத்தைப் பார்த்துவிட்டு, "தாரணி, நீ கொஞ்சம் வெளிய இரு" என்றேன்.

"அவளும் இருக்கட்டுமே" என்றார் டாக்டர்.

"சின்னப் பிள்ளை டாக்டர். என்கிட்ட சொல்லுங்க."

தாரணிக்கு ஒரு கிட்னிதானாம். இடது பக்கம் மட்டும். வலது பக்கம் உருவாகவே இல்லை. ஒன்றே போதும், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

வெளியே வந்து, "என்னடி செஞ்ச இம்புட்டு நேரம்?" என்று கேட்டேன். "மீன் பார்த்துக்கிட்டு இருந்தேன்" என்றாள்.

பஸ்ஸில் சொன்னேன். "உனக்கு ஒரு கிட்னிதான்டி. நிறையப் பேருக்கு அப்படி இருக்குமாம். வேற ஒண்ணுமில்ல."

ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். "வேற ஒண்ணுமில்லையா?"

"இல்லடி. மத்தது லேட்டா வருமாம்."

"சரிம்மா" என்றாள். திருமங்கலத்தில் இறங்கியதும் பரோட்டா கேட்டாள். வாங்கிக் கொடுத்தேன்.

ஜூன் 21, ஞாயிறு

ஃபிரிட்ஜைக் கழுவினேன். மிக்ஸி ஜாரையெல்லாம் புளி போட்டுத் தேய்த்தேன். பரணில் இருந்த பாத்திரங்களை இறக்கித் துலக்கித் திரும்ப ஏற்றினேன். உட்கார முடியவில்லை.

ஜூன் 24, புதன்

சரி, எழுதிவிடுகிறேன். நான் எழுதாமல் விட்டால் மட்டும் அது மாறிவிடப் போகிறதா?

தாரணிக்குக் கருப்பை இல்லை.

சனிக்கிழமை டாக்டர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். "கரு ஆறேழு வாரத்துல இருக்கும்போது ரெண்டு பக்கமும் ஒரு குழாய் மேலருந்து கீழ வளர்ந்து வரும். ரெண்டும் நடுவுல சேர்ந்து ஒண்ணானாத்தான் கருப்பை. அந்தக் குழாய் தானா வழி கண்டுபிடிக்காது. பக்கத்துல இருக்கிற இன்னொரு குழாயை ஒட்டியே வரும். எந்த செல் எங்க நகரணும், எங்க நிக்கணும்னு ஜீன்கள் சொல்லிக்கிட்டே இருக்கும். இவளுக்கு அந்தச் சேதி எங்கயோ நின்னு போச்சு." கருமுட்டைப் பை இரண்டும் வேறு இடத்திலிருந்து வளர்வதால் நன்றாக இருக்கின்றனவாம். அதனால்தான் மற்ற வளர்ச்சிக்குக் குறையில்லை. மாதவிடாய் மட்டும் என்றைக்கும் வராது. பிள்ளையைச் சுமக்க முடியாது.

"இவ வயித்துல இருந்த ரெண்டாம் மாசம் எனக்குத் தேர்தல் டூட்டி போட்டாங்க. பூத் வாசல்ல நாள் பூரா வெயில்ல நின்னேன். அதனாலயா டாக்டர்?" என்று கேட்டேன்.

"அதனால இல்லம்மா. நீங்க செஞ்ச எதனாலயும் இல்ல. பெரும்பாலும் எந்த ஜீன்னு எங்களாலயே கண்டுபிடிக்க முடியுறதில்ல."

அவருக்கென்ன, ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டார். நின்றது நான்.

தாரணியிடம் சீக்கிரம் சொல்லச் சொன்னார். நானே சொல்லிக்கொள்கிறேன் என்றேன். கிட்னியைச் சொல்லியாயிற்று, அதுவே பாதிதானே. மீதியை நேரம் பார்த்துச் சொல்லலாம். என் கணவரிடம் மட்டும் இன்று சொன்னேன். மோட்டாரை நிறுத்தப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனவர் வெகுநேரம் வரவில்லை. போய்ப் பார்த்தால், தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருக்க, அவர் சுவிட்சில் கை வைத்தபடி நின்றுகொண்டிருந்தார்.

ஜூலை 1, புதன்

தாரணி இப்போதெல்லாம் முரண்டு பிடிப்பதில்லை. கொடுத்த எள்ளுருண்டையை என் கண் முன்னாலேயே மென்று முழுங்குகிறாள். களியை வழித்துத் தின்கிறாள். கிட்னி விஷயம் கொஞ்சம் பயமுறுத்திவிட்டது போலிருக்கிறது. வகுப்பில் எல்லாரிடமும், "எனக்கு ஒரு கிட்னிதான், என்னைக் கிள்ளாதீங்கடி" என்று சொல்லி வைத்திருக்கிறாளாம். நல்ல பிள்ளை.

நான் எதற்கு இன்னும் எள்ளை வறுக்கிறேன் என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. நிறுத்தினால் ஏன் நிறுத்தினாய் என்று கேட்பாளே.

ஜூலை 5, ஞாயிறு

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியவில்லை எனக்கு.

மதினி வந்திருந்தார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, தாரணிக்கு எதிரிலேயே ஆரம்பித்தார். "ஏ மங்கை, மேலூர்ல ஒரு வைத்தியர் இருக்காரு. நல்ல பொடி ஒண்ணு குடுக்குறாரு. எத்தனை நாளைக்கு இப்படியே வச்சிருப்ப? நாலு பேரு கேக்குறாக, எனக்குப் பதில் சொல்ல முடியல."

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ. "அதெல்லாம் மார்ச்லயே ஆயாச்சு மதினி. பரீட்சை நேரம், எதுக்குக் கூட்டம் கூட்டணும்னு யாருக்கும் சொல்லல" என்றேன்.

ரசம் ஊற்றிக்கொண்டிருந்த என் கணவரின் கை அப்படியே நின்றது. தாரணி என்னைப் பார்த்தாள். பிறகு அப்பளத்தை நொறுக்கிச் சோற்றில் போட்டுப் பிசைந்தாள். மதினி கையைக் கழுவிக்கொண்டு வந்து அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். அவர் கண்ணில் தண்ணீர். அது பொய்யான சந்தோஷமில்லை, அதுதான் என்னைக் குடைகிறது.

ஜூலை 7, செவ்வாய்

எதிர்பார்த்ததுதான். தேனியில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் என் தம்பி மதியழகனுக்கு மதினி மூலமாகச் செய்தி போய்விட்டது. போனில் குரலே உடைந்திருந்தது. "தாய்மாமன் நான் உசுரோட இருக்கேன்ல? குச்சு கட்டுறதும் சீர் கொண்டாறதும் யாரு வேலை? வெளியாள் சொல்லித்தான் எனக்குத் தெரியணுமாக்கா?"

என்ன சொல்வேன்? தப்புதான்டா என்றேன். அதைத்தான் அவன் பிடித்துக்கொண்டான். ஆடி போனதும் ஆவணியில் முதல் முகூர்த்தத்திலேயே சடங்கு வைத்துவிட வேண்டுமாம். மண்டபத்தை அவனே பேசிவிட்டான்.

ஜூலை 18, சனி

தையல்காரம்மா வந்து தாரணிக்கு ஜாக்கெட் அளவு எடுத்தார். பேனருக்குப் போட்டோ கேட்டிருக்கிறான் தம்பி. பள்ளி ஐடி கார்டில் இருக்கும் போட்டோவைத் தாரணியே அனுப்பிவிட்டாள், இரட்டைப் பின்னலும் யூனிஃபார்முமாக. இதையா போடுவார்கள் என்றேன். "இதுல நான் நிஜமா இருக்கேன்லம்மா" என்றாள்.

துணியைக் காயப்போட மாடிக்குப் போனேன். காயப்போட்ட துணியையே எடுத்துத் திரும்ப நனைத்துக்கொண்டிருந்தேன் என்று பக்கத்து வீட்டில் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

இவளிடம் நாளைக்குச் சொல்லிவிட வேண்டும்.

ஜூலை 19, ஞாயிறு

சொல்லவில்லை.

ஜூலை 29, புதன்

மாவட்டத்திலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள் என்று தலைமையாசிரியை நேற்றே எல்லாச் சார்ட்டுகளையும் மாட்ட வைத்துவிட்டார். பீரோவுக்குப் பின்னாலிருந்த முயலும் வெளியே வந்துவிட்டது. இன்று ஆய்வகத்தில்தான் வகுப்பு. மரபியல் பாடம், ஜீன் என்றால் என்ன என்று கரும்பலகையில் எழுதிப்போட்டிருந்தேன். எல்லாரும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். தாரணி மட்டும் எழுந்து நின்றாள்.

"மிஸ், ஒரு சந்தேகம். அந்த முயல் சார்ட்ல கிட்னியையும் கருப்பையையும் ஏன் ஒண்ணா வரைஞ்சிருக்காங்க? ரெண்டுக்கும் வேலை வேற வேறதானே?"

என் வாய் இருக்கிறதே, அது கேள்வி என்று கேட்டுவிட்டால் யோசிக்காது. "நல்ல கேள்வி. வேலை வேற, ஆனா உருவாகுற இடம் ஒண்ணு. பாலூட்டிகளோட கருவுல ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல, கிட்டத்தட்ட ஒரே சமயத்துல வளருது. நிறைய ஜீன்கள் ரெண்டுக்கும் பொது. எந்தக் குழாய்லருந்து கிட்னி முளைக்குதோ, அதே குழாய்தான் கருப்பை வளர்றதுக்கும் வழி காட்டும். அதுல ஏதாவது தவறிப்போனா ரெண்டுமே..."

அங்கே நிறுத்தினேன். சாக்பீஸ் விரலுக்குள் ஒடிந்தது.

"ரெண்டுமே, மிஸ்?"

"ரெண்டுமே உருவாகாமப் போகலாம்."

"தேங்க்ஸ் மிஸ்" என்று உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள்.

எத்தனை வருஷமாக விலங்கியல் படித்து, படித்ததையே நடத்திக்கொண்டிருக்கிறேன். கிட்னியை மட்டும் சொன்னால் கருப்பை ஒளிந்துகொள்ளும் என்று எப்படி நினைத்தேன்? வேறு எந்த உறுப்பைச் சொல்லியிருந்தாலும் தப்பித்திருக்கலாம். போயும் போயும் கிட்னியைச் சொன்னேன். முட்டாள், முட்டாள்.

ஸ்கூட்டியில் வீடு வந்து சேர்ந்தோம். அடுப்படி வாசலில் வந்து நின்று, "இன்னும் ஏதாவது பாடம் பாக்கி இருக்கா மிஸ்?" என்றாள். வீட்டில் அவள் என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

சொன்னேன். டாக்டர் போட்ட படத்தைக் கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். நான்தான் அழுதேன். அவள் கேட்டது ஒன்றுதான்.

"உங்களுக்குத் தெரிஞ்சப்புறமும் எள்ளுருண்டை எதுக்கும்மா குடுத்தீங்க?"

"தெரியலடி."

"மேடையில என்னை உக்கார வச்சு எல்லாரும் மஞ்சத்தண்ணி ஊத்தும்போது நீங்க எங்க நின்னிருப்பீங்க?"

பக்கத்தில்தான் நின்றிருப்பேன். சிரித்துக்கொண்டு, வந்தவர்களை வாங்க வாங்க என்று சொல்லிக்கொண்டு நின்றிருப்பேன். அதை அவளிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

ஆகஸ்ட் 2, ஞாயிறு

சேலைக் கலர் கேட்க மதியழகன் வந்தான். கையில் மூன்று பட்டுச்சேலை, ஒரு பை பூ, பேனர் மாதிரி வேறு. நான் எப்படி ஆரம்பிப்பது என்று அடுப்படிக்கும் ஹாலுக்கும் நடந்துகொண்டிருந்தேன். தாரணி காபியைக் கொண்டுபோய் அவன் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"மாமா, நான் வயசுக்கு வரல. வரவும் மாட்டேன். எனக்குக் கருப்பை இல்ல. எல்லாரும் கேட்டுக்கிட்டே இருந்ததுல அம்மா பொய் சொல்லிட்டாங்க."

அவன் காபியைக் கீழே வைத்தான். என்னைப் பார்த்தான், என் கணவரைப் பார்த்தான், திரும்ப அவளைப் பார்த்தான். "உசுருக்கு ஒண்ணும் இல்லைல்ல தாயி?"

"இல்ல மாமா. ஒரு கிட்னிதான், அதைப் பத்திரமா வச்சுக்கணும்."

"வச்சுக்கலாம்" என்றான். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனான். திரும்பி வந்து என்னிடம், "என்கிட்டயாவது சொல்லிருக்கலாம்லக்கா. நான் என்ன மைக் போட்டா ஊருக்குச் சொல்லப் போறேன்?" என்றான். பிறகு சேலைகளை அவள் முன்னால் விரித்தான். "விசேஷம் இல்லைன்னா என்ன, எடுத்தது எடுத்ததுதான். ஒண்ணைப் பிடி." அவள் மாம்பழக் கலரை எடுத்துக்கொண்டாள்.

மதினிக்குப் போன் போட்டு உண்மையைச் சொன்னோம். "யாரு பக்கத்துலருந்து வந்துச்சு இது?" என்று கேட்டார். என் கணவர் போனை வாங்கினார். அதிகம் பேசாத மனிதர். "யாரு பக்கமும் இல்லக்கா. இது எங்க பிள்ளை. மண்டபத்தை நான் வேண்டாம்னு சொல்லிக்கிறேன்" என்று வைத்துவிட்டார்.

ஆகஸ்ட் 5, புதன்

இரண்டாம் பாடத்தைத் திறக்கச் சொன்னேன். "அதான் நாங்களே படிச்சுட்டோமே மிஸ்" என்றது முன் பெஞ்ச். பரவாயில்லை, நான் இன்னும் நடத்தவில்லை என்றேன்.

முயல் சார்ட்டை இறக்கிப் பலகையில் சாத்தி வைத்தேன். புத்தகத்தில் இல்லாததையும் சொன்னேன். ஆரம்பத்தில் ஆண் கருவுக்கும் பெண் கருவுக்கும் இரண்டு ஜோடிக் குழாய்களும் இருக்கும். எது தங்க வேண்டும், எது கரைய வேண்டும் என்று ஜீன்கள் பிறகுதான் சொல்லும். ஒரு ஜீன் இன்னொன்றை எழுப்பும், அது வேறொன்றை அடக்கும். எலி, முயல், மனுஷி எல்லாருக்கும் இதே கதைதான். இத்தனை கைமாறிப் போகிற சேதியில் ஒரு இடத்தில் விட்டுப்போனால் ஒரு உறுப்பு வராமலே போகலாம், அதற்கு அம்மாவோ பிள்ளையோ காரணமில்லை என்றேன். அந்த வாக்கியத்தை இரண்டு தடவை சொன்னேன். தண்ணீர் குடித்தேன்.

முதலில் பாதிப் பேர் தலையைத் தூக்கவேயில்லை. கடைசியில் மணி அடித்த பிறகும் கேள்வி கேட்டுக்கொண்டு ஆறேழு பிள்ளைகள் மேசையைச் சுற்றி நின்றார்கள். தாரணி அதில் இல்லை. தன் பெஞ்சில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தாள்.

என்னோடு தேவைக்குத்தான் பேசுகிறாள். பேசட்டும், பேசாமலும் இருக்கட்டும். நான் கேட்டு வாங்க முடியாது.

ஆகஸ்ட் 8, சனி

மதுரை. அதே டோக்கன் பெண், அதே பலகைத் தடுப்பு. இருவரும் உள்ளே போனோம். டாக்டர் என்னைப் பார்த்து ஆரம்பிக்குமுன் தாரணி சொன்னாள். "அம்மா, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க."

எழுந்து வந்தேன். மீன் தொட்டிக்குப் பக்கத்தில் அதே நாற்காலி. கோபம் வந்தது, அது எனக்கு வேண்டியதுதான் என்றும் தோன்றியது. ஆரஞ்சு மீன் ஒன்று சுற்றிச் சுற்றி வந்தது.

அப்போதுதான் தாரணியின் குரல் கேட்டது. பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போலத் தெளிவாகக் கேட்டது. அந்தப் பலகை எதையும் தடுக்கவில்லை.

"டாக்டர், அம்மா அன்னைக்குக் கேட்டாங்கல்ல, தேர்தல் டூட்டியில வெயில்ல நின்னதாலயான்னு. நிஜமாவே அதனால இல்லைல்ல?"

"இல்லம்மா. நிச்சயமா இல்ல."

"அப்போ அதை அவங்ககிட்ட இன்னொரு தடவை சொல்லுங்க. அவங்க நம்பல."

வெயிலில் நின்றதை நான் அவளிடம் சொன்னதே இல்லை. இந்த அறைக்குள் டாக்டரிடம் மட்டும்தான் கேட்டேன். அவள் அப்போது இந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

எல்லாவற்றையும் அன்றைக்கே கேட்டிருக்கிறாள். கேட்டுவிட்டுத்தான் பஸ்ஸில், "வேற ஒண்ணுமில்லையா?" என்றாள். கேட்டுவிட்டுத்தான் பரோட்டா தின்றாள், மதினிக்கு முன்னால் அப்பளத்தை நொறுக்கினாள், ஜாக்கெட்டுக்கு அளவு கொடுத்தாள். நான் வறுத்து இடித்துப் பிடித்துக் கொடுத்த எள்ளுருண்டைகளை ஒன்றுவிடாமல் என் முன்னாலேயே தின்றாள். வகுப்பில் எழுந்து நின்றது சந்தேகம் கேட்பதற்காக இல்லை.

கதவு திறந்தது. "உள்ள வாங்கம்மா. டாக்டர் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம்." என் முகத்தைப் பார்த்தாள். "ரொம்ப நேரம் ஆயிருச்சா? என்ன செஞ்சீங்க?"

"மீன் பார்த்துக்கிட்டு இருந்தேன்" என்றேன்.